‘ஓம்’ என்னுஞ் சொல்லும் உடன்பாடும்

வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பகுத்து, தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக விரித்தார் நன்னூலார். முப்பது ஆண்டுகளாக இவ்விலக்கணத்தைக் கற்பித்து வருகின்றேன். அவையிற் கூறத்தகாததை மறைத்துக் கூறல், அமங்கலமானதை மங்கலமாகக் கூறல், ஒரு தொழிலார் தமக்குள் வழங்கும் சொல்லாற் கூறல் என உரை சொல்லி, பழைய உதாரணங்களையே ஒப்புவித்து, மணி அடித்ததும் நூலை மூடிவிடுவது வழக்கம். இவ்விலக்கணம் இலண்டன் மாநகரில் ஒரு பெண்மணியின் உடலையும் பணத்தையும் தொடும் காரியமாக வந்து நிற்குமென நான் எண்ணியதேயில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் நன்னூல் பாடங்கேட்ட மாணவியொருவர் இன்று இலண்டனில் மொழிபெயர்ப்பாளராகத் தொழில் புரிகின்றார். ஆங்கிலந் தெரியாத எம்மவர் வைத்தியரிடமும் நீதிமன்றுக்கும் செல்லும்போது உடன்சென்று, இரு திறத்தார் கூற்றையும் கூட்டாமலும் குறையாமலும் பெயர்த்துரைப்பது அவர் பணி. அண்மையில் ஓரிரவு தொலைபேசியில் அழைத்து, “ஐயா, உங்களிட்டைச் சில சொல் கேக்கவேணும், கேக்கத்தான் கூச்சமாயிருக்கு” என்றார். எழுதியனுப்புமாறு கூறினேன். எழுதியனுப்பியதைப் படித்தபின் கூச்சம் என்னைப் பற்றிக்கொண்டது.

செய்தி இதுதான். நாற்பதைக் கடந்த தமிழ்ப் பெண்மணி ஒருவர். இரு பிள்ளைகளின் தாய். பாலூட்டி வளர்த்தபின் தளர்ந்த மார்பினை உயர்த்திப் பெருப்பித்துக்கொள்ள விரும்புகின்றார். இத்தகைய அழகுச் சத்திரசிகிச்சையை அந்நாட்டு அரசாங்க வைத்திய சேவை பொதுவாகச் செய்துகொடுப்பதில்லை. ஆதலின், தாம் உழைத்துச் சேர்த்த பணத்துடன் தனியார் நிலையமொன்றை நாடினார். கணவரை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லாது, கட்டணங் கொடுத்து என் மாணவியை அமர்த்திக்கொண்டமை அவரது விவேகத்தைக் காட்டும். அவர் பெயரையோ ஊரையோ மாணவி எனக்குக் கூறவில்லை. கூறாமை அவர் தொழிலறம்.

முதற் சந்திப்பில் சத்திரசிகிச்சை நிபுணர் ஆறுதலாகவே விளக்கினாராம். குருதிப்பெருக்கு உண்டாகலாம் என்றார். அம்மையார் தலையசைத்து ‘ஓம்’ என்றார். கிருமி தொற்றலாம், ‘ஓம்’. காம்பில் உணர்ச்சி குன்றலாம், ‘ஓம்’. மாணவியும் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் உடன்பாட்டுச் சொல்லாகவே பெயர்த்துக்கொண்டு போனார். பத்துப் பன்னிரண்டு ‘ஓம்’ கடந்தபின் அவருக்கு நெஞ்சு திடுக்கிட்டது. யாழ்ப்பாணத்தாருடைய ‘ஓம்’ எல்லாம் இசைவன்று. கதை கேட்கும் பிள்ளை ‘உம்’ கொட்டுவதுபோல, ‘நீங்கள் சொல்வது காதில் விழுகின்றது, மேலே சொல்லுங்கள்’ என்பதற்கும் எம்மிடம் அதே சொல்தான். பெரியவர் ஒருவர் பேசும்போது விளங்காவிட்டாலும் ‘ஓம்’ என்பது எமக்கு மரியாதை. சம்மதப் படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டிருக்கும் வைத்தியர் செவியிலோ அது வேறொன்றாக விழும். மாணவி பேச்சை நிறுத்தி, மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் இவ்வையத்தை நிபுணரிடம் வெளியிட்டார். அவர் நல்லவர், பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு வாரங் கழித்து வரும்படியும், தாம் கேட்க விரும்புவனவற்றை அம்மையாரே தமிழில் எழுதிவரும்படியும் கூறினாராம்.

இஃது அவர் மனம்போன போக்கிற் செய்த சலுகையன்று. இங்கிலாந்திலுள்ள சத்திரசிகிச்சையாளரின் அரச கல்லூரி 2016-ஆம் ஆண்டு வகுத்த அழகுச் சத்திரசிகிச்சை நெறி, முதல் ஆலோசனைக்கும் சிகிச்சைக்குமிடையே குறைந்தது இரண்டு வாரமேனும் சிந்திக்க விடவேண்டும் என்கின்றது. வைத்தியர்களைப் பதிவுசெய்யும் பொது மருத்துவ மன்றமும் அதே ஆண்டில், கத்தியை எடுக்கும் வைத்தியரே நோயாளியுடன் பேசி இசைவு பெறவேண்டும், அதனைப் பிறரிடம் ஒப்படைத்தலாகாது என விதித்தது. இவ்விதிகள் எவ்வளவு கண்ணீருக்குப்பின் வந்தன என்பதைப் பின்னே கூறுவேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்ளல் வேண்டும். மாணவியின் எழுத்தைக் கண்டவுடன், இயற்கையழகு, தாய்மையின் மாண்பு என்று அவ்வம்மையாருக்கு நாலு பக்கம் அறிவுரை எழுதக் கை பரபரத்தது. எழுதுமுன் முகங்கழுவச் சென்று கண்ணாடியிற் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் தவறாது நரைக்குச் சாயம் பூசுகின்ற தலையொன்று அங்கே தெரிந்தது. அறிவுரையை விட்டுவிட்டேன். அவர் என்னிடம் கேட்டது சொற்கள். கேட்டதைக் கொடுப்பதே ஆசிரியன் கடன்.

இனி இடக்கரடக்கல். அம்மையார் தம் கேள்விகளை எழுதத் தொடங்கியபோது முதற் சொல்லிலேயே தடைப்பட்டாராம். அவ்வுறுப்பின் பெயரை எழுதக் கை வரவில்லை. ‘நெஞ்சு’ என்று எழுதினார். நெஞ்சு என்றால் இதயமா, நுரையீரலா, எலும்புக்கூடா என வைத்தியர் மயங்குவார். ‘அந்த இடம்’ என்று எழுதினார். அந்த இடத்துள் காம்பும் உண்டு, தோலும் உண்டு, பாற்சுரப்பியும் உண்டு, கீழே தசையும் உண்டு. சிலிக்கோன் பையைச் சுரப்பிக்குக் கீழே வைப்பதா, தசைக்குங் கீழே வைப்பதா என்பதே நோவையும் தோற்றத்தையும் வேறுபடுத்தும் பெரிய வினா. ‘அந்த இடம்’ என்னுஞ் சொல்லை வைத்துக்கொண்டு இவ்வினாவைக் கேட்கவே இயலாது.

‘முலை என்று எழுதச் சொல்’ என மாணவிக்கு விடை எழுதினேன். எழுதும்போது எனக்கும் விரல் தயங்கியது என்பதை மறைக்கவில்லை. ஆயினும் திருவண்ணாமலையில் எழுந்தருளியிருக்கும் அம்மைக்கு உண்ணாமுலை என்பது திருநாமம். அடியார் கைகூப்பியல்லவோ அதனைச் சொல்கின்றனர்! கண்ணகி தன் முலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்த கதையைப் பெண்பிள்ளைகள் நிறைந்த வகுப்பிலே தலைகுனியாமற் படிப்பிக்கின்றோம். இச்சொல் எப்போது வசைச்சொல்லாகித் தாழ்ந்தது என்பதை மொழிநூலார் ஆராயட்டும். கட்டி தோன்றியும் வைத்தியரிடம் வாய்திறக்கக் கூசி நாட்கடத்திய பெண்களை எம்மூரிலேயே நான் அறிவேன். அடக்கிச் சொல்வதற்கென வகுத்த இலக்கணம் ஆளையே அடக்கிவிடுமாயின் அங்கே அதனைக் கைவிடுதலே தகும்.

குழூஉக்குறிக்கு வருவோம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர் என நாம் படிப்பிப்போம். வைத்தியர் கூட்டத்துக் குறிகள் அதனினும் கடியன. அகராதியை நோக்கிப் பெயர்த்தால் தமிழிலும் அவை குழூஉக்குறியாகவே நிற்கும். ஆதலால் நானும் மாணவியும் சொல்லுக்குச் சொல் தேடாமல், பொருளை நிகழ்ச்சியாகச் சொல்வதென முடிவுசெய்தோம். உடல் தனக்குப் புறம்பான எதனைக் கண்டாலும் அதனைச் சுற்றி வடுத்தசையால் ஓர் உறை கட்டும். அவ்வுறை சிலருக்கு நாளடைவில் இறுகி, பையை நெரித்து, முலையைக் கல்லாக்கி வடிவை மாற்றி நோவுறச் செய்யும். மறுபடியும் அறுக்கவேண்டி நேரும். பை வெளியே தெரியாமலே உள்ளே கிழிதலும் உண்டு. அதனை உடையவரும் அறியார், கையாற் பரிசோதிப்பவரும் அறியார். அதனாலேயே ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம், சிலிக்கோன் பை வைத்தவர் ஐந்தாறு ஆண்டுகளில் ஒருமுறையும், அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. படமோ ஸ்கானோ எடுத்துப் பார்த்தல் வேண்டும் என்கின்றது. அப்படத்துக்குக் காசு யார் கொடுப்பது என்பதும் ஒரு கேள்வி. பை ஆயுட்காலப் பொருளன்று; இருக்கும் ஆண்டுகள் கூடக்கூட, எடுக்கவோ மாற்றவோ மறுபடி கத்தி வைக்கும் நிலையும் கூடுகின்றது. முதற் சந்திப்பில் இதனையும் நிபுணர் சொல்லியிருக்கின்றார். அம்மையார் இதற்கும் ‘ஓம்’ என்றே சொல்லியிருக்கின்றார். வீட்டுக்கு வந்து, “ஒருக்காச் செய்தாச் சாகுமட்டும் இருக்குந்தானே?” என்று மாணவியைக் கேட்டாராம்.

இன்னொரு குறி புற்றுநோய் பற்றியது. பையைச் சூழ்ந்த வடுவுறையில் அரிதாகத் தோன்றும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயை மேற்கூறிய நிருவாகம் 2011-இல் முதன்முதல் எச்சரித்தது. இது முலைப் புற்றுநோயன்று. நோயெதிர்ப்புக் கலங்களில் எழுவது. மேற்பரப்புச் சொரசொரப்பாகச் செய்யப்பட்ட பைகளோடேயே பெரிதும் தொடர்புடையது. 2019 யூலையில் 573 நோயாளரும் 33 மரணங்களும் உலகெங்கணுமிருந்து அறிவிக்கப்பட்டிருந்தன. அம்மாதமே ‘பயோசெல்’ என்னும் சொரசொரப்புப் பைகளை அவற்றின் உற்பத்தியாளர் உலகச் சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டனர். தொகை சிறிது, விரைவிற் கண்டு பையையும் உறையையும் அகற்றின் பெரும்பாலார் நலமடைகின்றனர். ஆயினும் ‘பையின் மேற்பரப்பு வழவழப்பானதா, சொரசொரப்பானதா?’ என்று ஏழு வயதுப் பிள்ளையும் கேட்கக்கூடிய தமிழில் இவ்வினா இருக்கின்றதே! அதனைக் கேட்க இலத்தீன் வேண்டியதில்லை.

மூன்றாவதாகிய மங்கலந்தான் மிகப் பொல்லாதது. சுடுகாட்டை நன்காடு என்பதில் எவரும் ஏமாறுவதில்லை. இவ்வணிகத்தாரோ காயத்தைப் ‘புத்துணர்வு’ என்றும், அறுத்தலை ‘உங்களுக்கு நீங்களே அளிக்கும் பரிசு’ என்றும் விளம்பரஞ் செய்வர். அம்மையார் வெளியே வரும்போது வரவேற்பு மேசையிலிருந்தவர் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கையிற் கொடுத்தாராம். குறித்த திகதிக்குள் முற்பணங் கட்டினால் விலை குறையும் என்பது அதன் சாரம். உள்ளே நிபுணர் இரண்டு வாரம் சிந்திக்கச் சொல்கின்றார். வெளியே மேசை பத்து நாளைக்குள் தீர்மானிக்கச் சொல்கின்றது. ஒரே கூரையின் கீழ் இரண்டு நாக்கு.

மங்கலச் சொல்லின் பின்னே என்ன இருந்தது என்பதற்குப் பிரான்சு நாட்டு நிகழ்ச்சி போதும். அந்நாட்டின் தென்கரையில் பி.ஐ.பி. எனப்பட்ட நிறுவனம், மருத்துவத்துக்கென அங்கீகரிக்கப்பட்ட சிலிக்கோனுக்குப் பதிலாக மலிவான கைத்தொழிற் சிலிக்கோனைப் பைகளில் அடைத்து விற்றது. 2010-இல் பரிசோதகர் கண்டுபிடித்து விற்பனையை நிறுத்தும்வரை உலகில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பெண்களின் உடலில் அவை புகுந்துவிட்டன. 2011 திசெம்பரில் பிரெஞ்சு அரசு அவற்றை அகற்றிக்கொள்ளுமாறு பெண்களுக்கு ஆலோசனை கூறியது. நிறுவனரான சான் குளோட் மாஸ் என்பவருக்கு 2013-இல் மார்செய் நீதிமன்று நான்காண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இங்கிலாந்தில் அப்பைகளைப் பெற்றோர் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர். தமக்குள் இருப்பது எந்த நிறுவனத்துப் பை என்று அறியாதோர் அவருட் பலர். தமக்குச் சிகிச்சை செய்த தனியார் நிலையத்தை மீண்டும் நாடியபோது, சில நிலையங்கள் கைவிரித்தன. சில இருந்த இடமே தெரியவில்லை. 2013-இல் சேர் புறூஸ் கியோ தலைமையில் ஒரு விசாரணை அறிக்கை வந்ததும், 2016-இல் இங்கிலாந்தில் பைகளுக்கெனப் பதிவேடு திறக்கப்பட்டதும் இதன் பின்னரே. இப்போது பையின் உற்பத்தியாளர் பெயரும் தொகுதி இலக்கமும் பொறித்த அட்டையொன்று நோயாளிக்குக் கொடுக்கப்படல் வேண்டும். ‘அந்த அட்டையைத் தருவீர்களா?’ என்பதும் எமது பட்டியலில் ஏறியது. நகைக்கடையிற் பற்றுச்சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்தும் எம் பெண்களுக்கு இது புதுப் பழக்கமாகாது.

இந்தச் சிகிச்சையின் தொடக்கமே கேளாததைப் பெற்ற கதைதான். 1962-இல் ஐக்கிய அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரத்திலே, மார்பிற் குத்தியிருந்த பச்சையை அகற்றுவதற்காக வைத்தியசாலைக்கு வந்தவர் ரிமி ஜீன் லின்ட்சே என்னும் பெண். ஆறு பிள்ளைகளின் தாய். குறோனின், ஜெறோ என்னும் இரு சத்திரசிகிச்சையாளர் தாம் புதிதாய்க் கண்ட சிலிக்கோன் பையை அவருக்கு வைக்க விரும்பினர். அவர் மனத்திலிருந்ததோ தம் காதுகளைச் சீர்செய்துகொள்ளும் ஆசை. இரண்டும் பேசி முடிவாயின. உலகின் முதற் சிலிக்கோன் முலைப்பை அவர் உடலில் ஏறியது. அவர் இசையவில்லை எனக் கூறல் பொருந்தாது. எதற்கு இசைந்தார் என்பதை அன்று அவ்வைத்தியரே முழுதும் அறியார்.

அந்த நாளிலிருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்து, 2021 ஒக்ரோபரில், அதே நாட்டு நிருவாகம் ஒரு கட்டளை பிறப்பித்தது. பை வைக்கக் கருதும் ஒவ்வொருவருக்கும் இடர்களை வரிவரியாகக் கூறும் படிவமொன்றைக் கொடுத்தல் வேண்டும். நோயாளி ஒவ்வொரு பகுதியையும் படித்து அதனருகே தம் பெயரின் முதலெழுத்தை இடல் வேண்டும். வைத்தியரும் ஒப்பமிடல் வேண்டும். அவ்வாறு செய்யாத நிலையங்களுக்குப் பைகளை விற்றல் கூடாது. முடிவில் ஒரேயொரு ஒப்பம் வாங்கும் பழைய முறையினும் இது நன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. விளங்காத பன்னிரண்டு பகுதிக்குப் பன்னிரண்டு முதலெழுத்து இடுபவர், எழுத்திலே பன்னிரண்டு முறை ‘ஓம்’ என்றவரேயாவர்.

இவ்விடத்தில் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் 2015-இல் அளித்த ‘மொன்ற்கொமரி’ வழக்குத் தீர்ப்பை மாணவர்கள் தேடிப் படித்தல் நன்று. ஸ்கொட்லாந்தில் நீரிழிவுடைய ஒரு தாய்க்கு, பிள்ளையின் தோள் பிறப்புவழியிற் சிக்கக்கூடும் என்பதை வைத்தியர் முன்கூட்டிக் கூறவில்லை; பிள்ளை ஊனத்தோடு பிறந்தது. அந்த இடரைப் பற்றித் தாய் குறிப்பாய் வினவவில்லையே என்று வைத்தியர் பக்கத்தில் வாதிக்கப்பட்டது. கேட்பதற்கு ஒன்று உண்டென்பதையே அறியாதவர்மேல் கேட்கும் பொறுப்பைச் சுமத்துதல் பொருந்தாது என்ற கருத்தை நீதியரசர் ஏற்றனர். அந்நிலையிலுள்ள ஒருவர் எதனைப் பொருட்படுத்துவாரோ அதனைச் சொல்லவேண்டியது வைத்தியர் கடமை என்பது இன்று அந்நாட்டுச் சட்டம். தமிழிலே ‘கேட்டல்’ என்ற ஒரு சொல் செவிமடுத்தலையும் வினாவுதலையும் ஒருங்கே குறிக்கின்றது. அம்மையார் முன்னதைச் செய்தார். பின்னதைச் செய்யும் பழக்கத்தை எந்தப் பள்ளிக்கூடம் அவருக்குக் கொடுத்தது? ஆசிரியராகிய எம்மை நோக்கியே இவ்வினா திரும்புகின்றது.

பட்டியலின் மறுபாதி, அவர் வைத்தியருக்குச் சொல்லவேண்டியவை. உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் எழுதச் சொன்னோம். ‘நாட்டு மருந்தையும் எழுதவேணுமோ?’ என்றாராம். கட்டாயம் எழுதவேண்டும், அஸ்பிரினைப்போலச் சில மூலிகைச் சரக்குகளும் குருதி உறைவதைத் தடுத்துப் பெருக்கெடுக்கச் செய்யும். புகைத்தல் காயம் ஆறுவதைக் கெடுக்கும் என்பதால் அதனையும் மறையாது கூறல் வேண்டும். தாய்வழியிலோ தந்தைவழியிலோ முலைப் புற்றுநோய் உண்டா, இனியும் பிள்ளை பெற எண்ணமுண்டா, கடைசியாக எக்ஸ்ரேப் பரிசோதனை எப்போது செய்தார் என்பனவும் அதிற் சேர்ந்தன. பை அப்படத்திலே சில இடங்களை மறைக்கும் ஆதலின், எடுப்பவரிடம் பை உண்டென்று இனி எக்காலமும் சொல்லவும் வேண்டும்.

ஒரு வினாவை மட்டும் நாங்கள் எழுதிக்கொடுக்கவில்லை: எதற்காக இதனை விரும்புகின்றீர் என்பது. நேர்மையான நிபுணர் அதனைக் கேட்பார். அதற்குப் பிறர் சொல் உதவாது. கணவர் ஏதும் சொன்னாரா என மாணவி மனத்துள் நினைத்தாராம், கேட்கவில்லை. கேட்பது அவர் வேலையுமன்று.

வாசகர் சிலர், இது பணமுள்ளோர் ஆடம்பரந்தானே என எண்ணக்கூடும். முலையின் பாரத்தால் முதுகும் தோளும் நொந்து, அதனைக் குறைக்க வருவோர் உளர். புற்றுநோயால் ஒரு முலையை இழந்து, மீண்டும் அமைத்துக்கொள்ள வருவோர் உளர். அவர்களுக்கென ஐக்கிய அமெரிக்கா 1998-இலேயே சட்டஞ் செய்து, முலை நீக்கத்துக்குப் பணங்கொடுக்கும் காப்புறுதி மீளமைத்தலுக்கும் கொடுத்தல் வேண்டும் என்றது. அவர்களும் இதே மேசையின்முன் இதே படிவத்தோடுதான் அமர்கின்றனர்.

இரண்டாவது சந்திப்பு சென்ற வாரம் நிகழ்ந்தது. அன்றிரவே மாணவி என்னை அழைத்தார். அம்மையார் கடுதாசியைத் தாமே கையில் வைத்துத் தமிழில் வாசித்தாராம். முதற் சொல்லில் மாத்திரம் குரல் சற்றுத் தாழ்ந்ததாம், பின்பு சரியாகிவிட்டது. எங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றையும் தாமே எழுதிக்கொண்டு வந்திருக்கின்றார்: “பை வையாமல், தளர்ந்த தோலை மட்டும் எடுத்து உயர்த்திவிட ஏலாதோ?” ஏலும் என்றாராம் நிபுணர். உயர்த்துதலும் பெருப்பித்தலும் வெவ்வேறு சிகிச்சைகள் என்பதும், உயர்த்துவதற்குப் பை இன்றியமையாததன்று என்பதும், வடு மட்டும் காம்பைச் சுற்றியும் கீழ்நோக்கியும் நிலைத்திருக்கும் என்பதும் அப்போதுதான் அம்மையாருக்குத் தெளிவாயின. முதல் நாளும் இதனைச் சொல்லியிருந்தாராம். ‘ஓம்’களுக்கிடையே அது கரைந்துபோயிற்று.

அவர் இன்னமும் தீர்மானிக்கவில்லை. துண்டுப்பிரசுரத்திற் குறித்த திகதி கடந்துவிட்டது. அன்றைய சந்திப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீண்டதாம். “எத்தனை ‘ஓம்’ சொன்னார்?” என்று கேட்டேன். “எண்ணேல்லை ஐயா. ஆனால் மூண்டு தரம் ‘விளங்கேல்லை, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கோ’ எண்டவ” என்றார் மாணவி.